வாளும் உறையும்

வாளைப் புகழும் நாம் அதன் உறையை எண்ணிப் பார்ப்பதில்லை. ஜப்பானில் உறை செய்வோர், 'ஹோ' என்னும் மென்மரத்தை இரு பாதிகளாக, ஒரே வாளின் வளைவுக்கென்று குடைந்து, சோற்றுப் பசையால் ஒட்டினர். வலிய பசையை ஏன் நாடவில்லை? உள்ளே துரு படியுமாயின், உறையைச் சிதைக்காமல் பிளந்து, துடைத்து, மீண்டும் ஒட்ட வேண்டுமன்றோ!

1876-ஆம் ஆண்டில் அரசு, பொதுவிடங்களில் வாள் அணிவதைப் பெரும்பாலோருக்குத் தடை செய்தது. பின்னர் 1930-களிலும் போர்க்காலத்திலும், படை அதிகாரிகள் பலர் முன்னோரின் வாளுக்கு உலோக உறை மாட்டினர். வாள் எஞ்சியது, மெருகிட்ட பழைய உறைகள் பல மறைந்தன.

பழைய உறையைத் திருத்த முற்படுவோர் அச்சோற்றுப் பசையை நினைவிற்கொள்வது நலம். பின்வருவோர் பிரித்துப் பார்க்க இயலாதவாறு செய்யும் திருத்தம், திருத்தமன்று, அழிவேயாகும்.