மாத்திரை டிஸ்பென்சர் வாங்கியாச்சு... கரண்ட் போனால் மாத்திரை வருமா?

காலையில் பி.பி. மாத்திரை, மதியம் சுகர் மாத்திரை, ராத்திரி கொலஸ்ட்ரால் மாத்திரை. நேரத்துக்கு மணி அடித்து, அந்த வேளை மாத்திரையை மட்டும் எடுக்க விடும் எலக்ட்ரானிக் டிஸ்பென்சரை, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கித் தருகிறார்கள். மாத்திரையை எப்படி நிரப்புவது என்று விசாரிக்கும் பலரும், அதற்கு கரண்ட் எப்படிக் கிடைக்கும் என்று யோசிப்பதில்லை.

சில மாடல்கள் சாதாரண பென்சில் செல்லில் மாதக்கணக்கில் ஓடும். சிலவற்றை செல்போன் போல சார்ஜ் போட வேண்டும். பெரிய மாடல்கள் எப்போதும் பிளக்கிலேயே இருக்க வேண்டியவை. இவற்றில் உள்ளே பேட்டரி இருந்தால், அது கரண்ட் போகும் நேரத்துக்கான ஸ்டெப்னி மட்டுமே.

சுவிட்ச்சை அணைப்பது யார்?

வேலை முடிந்ததும் பிளக் சுவிட்ச்சை ஆஃப் செய்வது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். ராத்திரி படுக்கும் முன் அம்மா டி.வி.யோடு சேர்த்து டிஸ்பென்சரையும் அணைத்துவிட்டால், பேட்டரி தீரும் வரை எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள் மணியே அடிக்காது. அந்த சுவிட்ச்சின் மேல் ‘அணைக்க வேண்டாம்’ என்று ஒரு பேப்பரை ஒட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

அமெரிக்காவிலிருந்து வந்த டிஸ்பென்சரா?

அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். அடாப்டரில் ‘இன்புட்’ என்ற வரியைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால், பின்னை மாற்றும் கன்வெர்ட்டர் பிளக் போதும். 120 மட்டும் இருந்தால் நேரடியாகச் சொருகக் கூடாது, அடாப்டர் எரிந்துவிடும்.

இன்வெர்ட்டர்தான் இருக்கே?

இருக்கலாம். ஆனால் பல வீடுகளில் லைட், ஃபேனுக்கு மட்டுமே இன்வெர்ட்டர் லைன் கொடுத்திருப்பார்கள். மெயினை ஒருமுறை அணைத்து, டிஸ்பென்சர் இருக்கும் பிளக் பாயின்ட்டில் கரண்ட் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. வைஃபை மோடத்துக்கும் இதே கதைதான். மோடம் அணைந்தால், ‘மாத்திரை எடுக்கவில்லை’ என்ற அலர்ட் மகனின் போனுக்குப் போகாது. அலர்ட் வரவில்லை என்பதால் அப்பா மாத்திரை போட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. ஒரு போன் போட்டுக் கேட்பதே சரி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் இன்வெர்ட்டரும் கைகொடுக்காது. அதனால் டிஸ்பென்சரின் சாவி எங்கே இருக்கிறது, எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று எழுதிய சீட்டு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது, டாக்டரிடம் கேளுங்கள். வலிப்பு, பார்கின்சன் மாத்திரைகளில் நேரம் ரொம்ப முக்கியம்.

செல் போடும் மாடலில் ரீசார்ஜ் செல் போடலாமா?

கையேட்டில் ‘கூடாது’ என்றிருந்தால் போட வேண்டாம். சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட். இந்த வித்தியாசத்தால் ‘லோ பேட்டரி’ எச்சரிக்கை தப்பாகக் காட்டலாம். செல் மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், பழசும் புதுசும் கலக்க வேண்டாம். மாற்றியதும் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா, முக்கியமாக ஏ.எம்., பி.எம். மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் மூடியை மூடாதீர்கள்.