தேற்றாங்கொட்டை

பழனி மலையடிவாரத்து வறண்ட காடுகளில் தேற்றா மரம் உண்டு. கொடைக்கானல் உயரத்துக்கு அது ஏறுவதில்லை. பழந்தமிழில் அதன் பெயர் இல்லம். அந்தச் சொல்லின் புணர்ச்சிக்கென்றே தொல்காப்பியம் ஒரு நூற்பா வைத்திருக்கிறது. தெலுங்கில் 'சில்ல' என்பார்கள். சிறகு இறகானது போலச் சகரம் கெட்டு இல்லமாயிற்று என்றே எனக்குப் படுகிறது.

'தேற்றா' என்பதைப் பார்த்தால் எதிர்மறை போலிருக்கும்; கலங்கிய நீரைத் தெளிவிக்கும் இதைத் தெளிவிக்காத கொட்டை என்று கொண்டால் கதையே தலைகீழ்! விளா, பலா போல இதுவும் ஆகாரத்தில் முடியும் மரப்பெயர். விளாங்காய் எப்படியோ அப்படியே தேற்றாங்கொட்டை. 'தேற்றான்கொட்டை' என்று னகரம் போட்டுத் திருத்துவது வீண் வேலை.

வேர்ச்சொல் தேறு. மாறு மாற்று என்றாவது போலத் தேறு தேற்று ஆனது. நோயாளி தேறுகிறான், அழுபவரைத் தேற்றுகிறோம், கலங்கிய நீரையும் தேற்றுகிறோம்.

கலங்கல் ஏன் தானாக அடங்குவதில்லை? களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அதன் தட்டைப் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். நீரில் மின்சாரம் பாய்ச்சினால் துகள்கள் நேர்மின்முனையை நோக்கி நகர்வதை 1807இல் மாஸ்கோவில் ராய்ஸ் என்ற ஆய்வாளர் கண்டார். உப்பு கரைந்த நீரில் நேர்மின் அயனிகள் துகளைச் சூழ்ந்து அந்தத் தள்ளுவிசையை மட்டுப்படுத்தும். சோடியத்தைவிடக் கால்சியமும், அதைவிட அலுமினியமும் இதில் வலியவை. அலுமினியம் கொண்ட படிகாரம் நீரைத் தெளிவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மலையோடை நீரில் உப்பு குறைவு. அதனால்தான் மழைக்குப் பின் செங்கலங்கல் நாள்கணக்கில் நிற்கிறது.

கொட்டையை மண்பானையின் உட்புறச் சொரசொரப்பில் தேய்த்து, கலங்கல் நீரை ஊற்றிக் கலக்கி வைப்பார்கள். சற்று நேரத்தில் துகள்கள் திரிதிரியாய்த் திரண்டு இறங்கும். கொட்டைப் பசை நேர்மின் கொண்டது, அதனால் மண்ணை இழுக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அதன் சாறும் பெரும்பாலும் எதிர்மின் கொண்டதே. நீண்ட மூலக்கூறுகள் துகளுக்குத் துகள் பாலமிட்டுப் பிணைப்பதால்தான் நீர் தேறுகிறது. நீரில் கொஞ்சம் கால்சியம் இருந்தால் இந்தப் பிணைப்பு எளிதாகும்.

கொட்டை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். எட்டியும் இதே பேரினம், அதன் கொட்டை கடும் நஞ்சு. ஆகவே காட்டில் பொறுக்காமல் தெரிந்தவரிடம் வாங்குங்கள். தேறிய நீரிலும் கிருமி இருக்கும், கொதிக்க வைத்தே குடியுங்கள்.