ஒரு சாண் செடியும் காற்றுப் பிடித்த குழாயும்



கிணற்று மோட்டாரைப் போட்டால் சில நாள் வெறுமனே ஓடும், தண்ணீர் வராது. உறிஞ்சு குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். புட்வால்வைப் பார்த்து, குடத்துத் தண்ணியை ஊத்தி, மறுபடி எடுக்க வேண்டும். பம்புக்குப் பேர் போன நம்ம கோயமுத்தூர்ச் சீமையில் இது தெரியாத தோட்டக்காரர் உண்டுங்களா? இதே கோளாறுதான், 40 கோடி வருஷத்துக்கு முன்னால் நிலத்தில் முளைத்த செடிகளைச் சாண் உயரத்துக்கு மேல் போகவிடாமல் பிடித்து வைத்தது என்றால் நம்புவீர்களா?

ஸ்காட்லாந்து நாட்டில் ரைனி என்று ஒரு கிராமம். 1912-ஆம் ஆண்டில் வில்லியம் மேக்கி என்ற டாக்டர் அங்கே கல்சுவரில் இருந்த கற்களில் செடிகள் கல்லாகிப் போயிருப்பதைக் கண்டார். கிட்ஸ்டன், லாங் என்ற இருவர் 1917 முதல் அவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். இலை இல்லை, முறையான வேர் இல்லை. பச்சைக் குச்சி, கவை கவையாகப் பிரிந்து நிற்கும், அவ்வளவுதான். அதில் ஒன்றான ரைனியா ஒரு சாண் உயரம். அதற்கும் முந்திய குக்சோனியா சில சென்டிமீட்டர்தான், நம்ம நெல் நாற்று உயரம்கூட இல்லை.

குச்சியை அறுத்துப் பார்த்தால் நட்ட நடுவில் விளக்குத் திரி போல ஒரே ஒரு கற்றை. நீர் ஏறும் நுண்குழாய்கள் அத்தனையும் அதில் நெருக்கியடித்துக் கிடக்கும்.

செடியில் மோட்டார் கிடையாது. மேலே ஈரம் ஆவியாகப் போகிறபோது கீழிருந்து தண்ணீர் கயிறு போல இழுபடுகிறது. மண் காய்ந்தால் இழுப்பு மிஞ்சும். ஒரு குழாயில் காற்று நுழையும். பக்கத்துக் குழாய்க்கும் அது தாவும். திரி உருண்டையாக இருந்தால் நடுக்குழாய்க்குச் சுற்றிலும் பங்காளிகள். ஒன்று போனால் எல்லாம் போச்சு. திரி தடிக்கத் தடிக்க ஆபத்தும் கூடும். அதனால் அந்தச் செடிகள் சதுப்பிலும் நீர்க்கரையிலுமே குள்ளமாகப் பிழைத்தன. முறையான வேர் இல்லாததும் காரணம்தான். ஆனால் காற்றுப் பிடிக்கிற கணக்கைப் பாவுடா முதலிய விஞ்ஞானிகள் 2022-இல்தான் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்கள். செடி பெரிதாகப் பெரிதாகக் கற்றை உருண்டையாக இல்லாமல் நட்சத்திரம் போலவும் பட்டை போலவும் பிரிகிறது என்பதை பவர் என்ற தாவரவியல் பேராசிரியர் நூறு வருஷத்துக்கு முன்பே கவனித்திருந்தார். ஏன் என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. பிரித்து வைத்தால் காற்றுக்குத் தாவ வழி குறைவு. நாம் ஒரே பெரிய பாத்தி கட்டாமல் வரப்புப் போட்டுப் பிரிக்கிறோமே, அதுபோல என்று வையுங்கள்.

மரக்கட்டையும் இந்தத் தண்ணீர்ப் பாட்டுக்குத்தான் முதலில் வந்தது போலிருக்கிறது. கனடாவிலும் பிரான்சிலும் கிடைத்த 40 கோடி வருஷத்துப் பழஞ்செடிகளில் கட்டை இருப்பதாக 2011-இல் அறிவித்தார்கள். அவையும் சிறு செடிகளே. தாங்கிப் பிடிக்கிற அளவு பாரம் அவற்றுக்கு ஏது? பிறகு 38 கோடி வருஷம் வாக்கில், நியூயார்க் பக்கம் கில்போவாவில், 8 மீட்டர் மரமே நின்றது.

இனி நம்ம தோட்டத்துக்கு வருவோம். வேம்பும் புளியும் பட்டைக்கு உள்புறம் புதுக்கட்டை போட்டுக்கொண்டே இருக்கும். பழைய குழாய் அடைத்தால் புதுக்குழாய் உண்டு. தென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான கற்றைகள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன; ஒரு கற்றையில் புகுந்த காற்று மற்றதற்கு எளிதில் போகாது. அது நல்லதுதான். ஆனால் அந்தக் கற்றைகளே அதற்கு ஆயுசுக்கும்! 2016-இல் வடகிழக்கு மழை பொய்த்து, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னைகள் கருகியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட வருஷத்தில் பிழைத்த மரத்திலும் தண்டு ஒடுங்கினால் அந்த ஒடுக்கம் பிறகு பெருக்காது.

ஆகவே கோடை வருமுன் வட்டப்பாத்தியில் தேங்காய் மட்டையையும் ஓலையையும் பரப்பி ஈரத்தைக் காத்துவிடுங்கள். ஏறுவதற்கென்று தண்டில் படி வெட்டுகிறார்களே, அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வெட்டுவாய் ஆறவே ஆறாது. உள்ளே அறுந்த கற்றை அறுந்ததுதான்.