சுயேச்சை வேட்பாளரும் புத்தளக் கரையும்

சுயேச்சை வேட்பாளர் என்பவர் புத்தளத்து மக்களுக்குப் புதியவர் அல்லர். 1947 ஆம் ஆண்டில் நடைபெற்ற முதலாவது பாராளுமன்றத் தேர்தலில், பிற்காலத்தில் சபாநாயகராக விளங்கிய எச். எஸ். இஸ்மாயிலைச் சுயேச்சையாகவே அவர்கள் தெரிவு செய்தார்கள். அன்று 95 தொகுதிகளில் 21 சுயேச்சைகளின் வசமாயின. வாக்காளன் வேட்பாளரை முகமறிந்த காலம் அது. செல்வமும் குடும்பப் பெயரும் அந்த வெற்றிகளிலே பங்கு கொண்டன என்பதையும் நாம் மறத்தலாகாது.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நிலைமையைத் தலைகீழாக்கியது. 1982 இல் நடைபெற்ற முதலாவது ஜனாதிபதித் தேர்தல் தொடக்கம், நாடு முழுவதும் ஒரே தொகுதி. வெல்வதற்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் வேண்டும். சுயேச்சையாக நிற்க விரும்புபவர் மக்களால் தெரிவு செய்யப்பட்ட சட்டசபை உறுப்பினராக இருக்கவோ இருந்திருக்கவோ வேண்டும். அவர் கட்டவேண்டிய கட்டுப்பணம் 75,000 ரூபா. கட்சி வேட்பாளருக்கோ 50,000 ரூபாதான். உப்பளத் தொழிலாளியும் மீனவனும் இந்த வாசலிலேயே தடுக்கப்பட்டுவிடுகிறார்கள்.

வாசலைத் தாண்டியவர்களின் கதி என்ன? ஐதுரூஸ் முகமது இலியாஸின் வரலாறு அதற்கு விடை கூறும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். 70,000 க்கும் மேற்பட்டோர் உடைமைகளை இழந்தனர்; அவர்களுள் மிகப் பலர் புத்தளம், கல்பிட்டிப் பகுதிகளிலே ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். 1994 இல் முஸ்லிம் காங்கிரஸ் சார்பில் யாழ்ப்பாண மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரான இலியாஸ், பின்னர் ஜனாதிபதித் தேர்தலிலே சுயேச்சையாக நின்றார். ஒரு கோடிக்கு மேற்பட்ட வாக்குகளிலே 2010 இல் அவருக்குக் கிடைத்தவை 6,131. 2015 இல் 10,618. 2024 இலும் வேட்புமனு ஏற்கப்பட்ட 39 பேருள் அவரும் ஒருவர். வாக்களிப்புக்கு ஒரு மாதம் இருக்கையில், ஆகஸ்ட் 22 ஆம் நாள், அவர் காலமானார்.

அதே தேர்தலில் ரணில் விக்கிரமசிங்கவும் சுயேச்சையே. அவருக்கு 17 சதவீத வாக்குகள் கிடைத்தன. ஆனால் பதவியிலிருந்த ஜனாதிபதியின் சுயேச்சைத்தன்மை வேறு, அதிகாரமற்றவனின் சுயேச்சைத்தன்மை வேறு. தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரன் 2,26,343 வாக்குகள் பெற்றார். வெற்றி அவரது நோக்கமன்று. ஓர் இனத்தின் குரலைப் பதிவு செய்வதே நோக்கம். பெரிய வேட்பாளருக்கு முகவர்களையும் வானொலி நேரத்தையும் தேடிக் கொடுப்பதற்காக நிறுத்தப்படும் போலிச் சுயேச்சைகளும் உண்டு.

விருப்பு வாக்கு முறை சுயேச்சைக்குத் துணை செய்யும் என்பர் சிலர். முதல் விருப்பைத் தன் மனச்சாட்சிக்கும், இரண்டாவதை வெல்லக்கூடியவருக்கும் அளிக்கலாம் என்பது அவர்கள் வாதம். சட்டம் அதற்கு இடந்தருகிறது, உண்மை. ஆயினும் 2024 இலேதான் முதன்முறையாக இரண்டாம் விருப்புகள் எண்ணப்பட்டன. அப்போதும் முதற் சுற்றில் முன்னணியில் நின்ற அநுர குமார திசாநாயக்கவே வென்றார். வாக்காளரிற் பெரும்பாலோர் ஒரேயொரு அடையாளத்துடன் நிறுத்திக்கொண்டார்கள்.

வாக்குச்சாவடியை அடைவதே சிலருக்குப் போராட்டம். 2019 நவம்பர் 16 அன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம் மக்களின் பஸ் வண்டிகள் தந்திரிமலையில் துப்பாக்கிச் சூட்டுக்கும் கல்வீச்சுக்கும் இலக்காயின. வாழும் ஊர் ஒன்று, வாக்கு இருக்கும் ஊர் மற்றொன்று. அந்த மக்களின் துயரத்தை எந்தச் சின்னம் சுமக்கும்?

தனிமனிதன் எவ்வளவு நேர்மையாளனாயினும் தனித்து நின்றால் அவனது வாக்குகள் அட்டவணையின் கடைசி வரியோடு முடிந்துவிடுகின்றன. உப்பளத்திலும் களப்புக் கரையிலும் அகதிக் குடியிருப்பிலும் மக்கள் சங்கமாகத் திரண்டு, சிங்களத் தொழிலாளியோடும் தமிழ்த் தொழிலாளியோடும் கைகோத்து நிற்கும்போதுதான் சுயேச்சை என்ற சொல் பொருள் பெறும். அப்போது அது கட்சியற்றவனின் தனிமையைக் குறிக்காது. எவருக்கும் விலைபோகாத மக்களின் சுயாதீனத்தைக் குறிக்கும்.