சங்கம் அமைக்கும் உரிமையும் வழக்கறிஞர் வி.ஜி. ராவும்

நம் செட்டிநாட்டுப் பகுதி சங்கங்களால் வளர்ந்த பகுதி என்றால் மிகையாகாது. காரைக்குடியில் 1917இல் தொடங்கப்பெற்ற இந்து மதாபிமான சங்கத்திற்கு 1919இல் மகாகவி பாரதியார் வருகை தந்தார். 1939இல் சா. கணேசன் அவர்கள் இதே ஊரில் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்தார். வள்ளல் அழகப்பர் 1947இல் கல்லூரி கண்டார். ஊர்தோறும் நகர விடுதிகள், அறக்கட்டளைகள், வாசகசாலைகள், நம்முடைய ஜமாஅத்துகள் என இலாப நோக்கின்றி இயங்கும் அமைப்புகள் இன்றும் எண்ணற்றவை. நான்கு பேர் கூடி ஒரு நல்ல காரியத்திற்கு விதிமுறைகள் எழுதி, ஒரு பெயரைச் சூட்டி, பதிவும் செய்து நடத்துவது நமக்கு மூச்சு விடுவது போன்ற இயல்பான செயல்.

ஆயினும் இவ்வுரிமை ஓர் அரசாணையால் ஒரே நாளில் பறிபோகக்கூடிய நிலை ஒரு காலத்தில் இருந்தது. அந்நிலையை மாற்றிய வழக்கு நம் சென்னையிலேயே பிறந்தது. அதனைத் தொடுத்தவர் வி.ஜி. ராவ் என்னும் வழக்கறிஞர். சட்டக் கல்லூரி மாணவர் அனைவரும் இவ்வழக்கின் பெயரை அறிவர். ஆனால் இதனால் பயன்பெற்ற சங்கத்தார்களுள் அறிந்தவர் மிகச் சிலரே என்பதால் இங்கு சற்று விரிவாகவே எழுத நேர்கிறது.

இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற ராவ் அவர்கள், சென்னையில் 'ராவ் அண்ட் ரெட்டி' என்ற வழக்கறிஞர் நிறுவனத்தின் பங்காளியாக விளங்கினார். 'மக்கள் கல்விச் சங்கம்' என்ற அமைப்பின் பொதுச் செயலாளராகவும் இருந்தார். அச்சங்கம் 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 1947இல் பதிவு பெற்றது. அறிவியலையும் குறிப்பாகச் சமூக அறிவியலையும் மக்களிடையே பரப்புதல், அரசியல் கல்வி புகட்டுதல், கலை இலக்கிய நாடகங்களை வளர்த்தல் ஆகியவை அதன் நோக்கங்களாக எழுதப்பட்டிருந்தன.

1950ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. இச்சங்கம் சட்டத்தின் நிர்வாகத்திலும் சட்டம் ஒழுங்கைப் பேணுவதிலும் தலையிடுவதை நோக்கமாகக் கொண்டது, பொது அமைதிக்கு ஆபத்தானது, எனவே சட்டவிரோதமான சங்கம் என்பது ஆணையின் சாரம். குமாரசாமி ராஜா அவர்களின் அமைச்சரவை ஆட்சி செய்த காலம் அது. 1949இல் தடை செய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் பிரச்சாரத்திற்கு இச்சங்கத்தின் பணம் செயலாளர் மூலம் செலவாகிறது என்பது அரசு பின்னர் நீதிமன்றத்தில் சொன்ன காரணம். ஆணையின் நகல் செயலாளருக்கோ மற்ற நிர்வாகிகளுக்கோ அனுப்பப்படவில்லை. அரசிதழில் வெளியிட்டதோடு சரி.

இதற்கு அரசு எடுத்த ஆயுதம் 1908ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டமாகும். வங்காளத்து இரகசியச் சமிதிகளை ஒடுக்குவதற்கென ஆங்கிலேயர் இயற்றிய சட்டம் அது. 1921இல் காங்கிரஸ் தொண்டர் படைகளும் கிலாபத் தொண்டர் படைகளும் இதே சட்டத்தால்தான் தடை செய்யப்பட்டன. எந்தச் சட்டத்தின் கீழ்ச் சிறை சென்றார்களோ, அதே சட்டத்தைச் சுதந்திர இந்தியாவின் ஆட்சியாளர்கள் கையில் எடுத்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1908இல் இயற்றியபடி, சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலே ஆறு மாதம் வரை சிறை. அதனை நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை. பிற்காலத் திருத்தங்களால் கட்டடத்தையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் கையிருப்புப் பணத்தையும் அரசு பறிமுதல் செய்யவும் வழி ஏற்பட்டிருந்தது. சந்தா கட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண உறுப்பினரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அரசிதழ் படிக்கும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று மாதம்கூட நிறைவடையாத நிலையில், 1950 ஏப்ரல் 10ஆம் நாள் ராவ் அவர்கள் 226ஆம் பிரிவின் கீழ்ச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். சங்கங்கள் அமைக்கும் உரிமையை வழங்கும் 19ஆம் பிரிவின் 1(இ) உட்பிரிவே அவருடைய வாதத்தின் அச்சாணி. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசு விழித்துக்கொண்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தியது. அறிவிக்கைக்குக் காரணம் காட்ட வேண்டும், சங்கத்தார் முறையீடு செய்யலாம், ஆலோசனைக் குழு ஒன்று அதனைப் பரிசீலிக்கும் என்பன போன்ற ஏற்பாடுகள் அப்போதுதான் சேர்க்கப்பட்டன. பழைய ஆணையும் புதிய சட்டத்தின்படி பிறந்ததாகவே கொள்ளப்படும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

தலைமை நீதிபதி இராஜமன்னார், நீதிபதிகள் சத்தியநாராயண ராவ், விசுவநாத சாஸ்திரி ஆகியோர் அடங்கிய முழு அமர்வு செப்டம்பர் 14ஆம் நாள் அரசாணையை இரத்துச் செய்தது. அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 1952 மார்ச் 31ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதியவர் இந்தியத் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. இவரும் சென்னையில் வழக்கறிஞராக இருந்து உயர்ந்தவரே.

தீர்ப்பின் உயிர்நாடியான பகுதி இது. ஒரு சங்கம் ஆபத்தானது என்பது அரசாங்கத்தின் 'அபிப்பிராயம்' மட்டுமாக இருந்தால் போதாது. அபிப்பிராயம் சரியா தவறா என்பதை நீதிமன்ற முறையில் விசாரிக்க இடமிருக்க வேண்டும். ஊர்நீக்க ஆணைகளில் அரசின் மனநிறைவே போதும் என்று 1950இல் என்.பி. கரே வழக்கில் ஏற்கவில்லையா என்று அரசுத் தரப்பில் கேட்கப்பட்டது. ஊர்நீக்கம் இனி நடக்கக்கூடியதைப் பற்றிய ஐயத்தின் பேரில் செய்வது. சங்கத்தைத் தடை செய்வதோ நடந்தவற்றை வைத்துச் செய்வது. நடந்தவற்றை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கத் தடையென்ன என்பது நீதிமன்றம் தந்த விடையின் கருத்து. ஆலோசனைக் குழு ஏட்டிலுள்ளதைப் படித்துக் கருத்துச் சொல்வது நீதி விசாரணைக்கு ஈடாகாது என்றும் கூறப்பட்டது. தடை பற்றிய செய்தி உறுப்பினர்களுக்கு முறையாகச் சென்று சேர வழியில்லாததும் பெருங்குறையாகக் கொள்ளப்பட்டது. அறியாமலேயே ஒருவர் குற்றவாளியாகிவிடுகிறாரே!

ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்பதை அளக்க இத்தீர்ப்பு தந்த அளவுகோல் இன்றும் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது. பாதிக்கப்பட்ட உரிமையின் தன்மை, கட்டுப்பாட்டின் நோக்கம், தீர்க்க முனைந்த தீமையின் அளவும் அவசரமும், தீமைக்கும் மருந்துக்கும் உள்ள பொருத்தம், காலத்தின் நிலைமை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே அந்த அளவுகோல். எலிக்காக வீட்டைக் கொளுத்தக் கூடாது என்று நம் முன்னோர் சொன்னதும் ஏறத்தாழ இதுவேயாகும்.

ராவ் அவர்களின் அரசியல் கருத்துகளோடு நமக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. அச்சங்கத்தின் பணம் எங்கே சென்றது என்பதை உச்ச நீதிமன்றம் முடிவு செய்யவும் இல்லை. அதனை விசாரிக்காமலே முடிவு செய்ய அரசுக்கு அதிகாரமில்லை என்பது மட்டுமே தீர்ப்பு. வழக்கின் பெருமையும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

பின்னர் 1967இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், இத்தீர்ப்பு சுட்டிய குறைகளை நிரப்புவது போலவே அமைந்துள்ளது. தடை அறிவிக்கையை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையேற்கும் தீர்ப்பாயத்திற்கு முப்பது நாள்களுக்குள் அனுப்ப வேண்டும். ஆறு மாதத்திற்குள் தீர்ப்பாயம் முடிவு சொல்ல வேண்டும். அரசிதழோடு நில்லாமல் நாளிதழில் வெளியிட வேண்டும். அதோடு அலுவலகக் கதவில் ஒட்டியோ, நிர்வாகிகளிடம் நேரில் தந்தோ, தண்டோரா போட்டோ, ஒலிபெருக்கியிலோ அறிவிக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. அதே சட்டம் 2004 முதல் பலமுறை திருத்தப்பட்டு மிகக் கடுமையாகிவிட்டது தனிக்கதை. தடையின் ஆயுளும் இரண்டாண்டிலிருந்து ஐந்தாண்டாகிவிட்டது.

இச்சட்டம் நம் சமுதாயத்தைத் தொட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்ட நான்காம் நாள், 1992 டிசம்பர் 10 அன்று, மத்திய அரசு ஐந்து அமைப்புகளைத் தடை செய்தது. ஆர்.எஸ்.எஸ்., விசுவ ஹிந்து பரிஷத், பஜ்ரங் தளம் ஆகியவற்றோடு இஸ்லாமிய சேவக் சங்கமும் ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்தும் அப்பட்டியலில் இருந்தன. (பெயரைக் கொண்டு குழம்ப வேண்டாம். அது அகில இந்திய இயக்கம்; நம்மைப் போன்ற பள்ளிவாசல் ஜமாஅத்து அன்று.) ஜமாஅத்தே இஸ்லாமி மீதான தடையை 1994 ஏப்ரலில் தீர்ப்பாயம் உறுதி செய்தது. அரசுத் தரப்பில் உளவுத்துறை அதிகாரிகள் தந்த பிரமாணப் பத்திரங்களே முதன்மை ஆதாரமாக இருந்தன. அவற்றுக்கு அடிப்படையான செய்திகளைத் தீர்ப்பாயம் பார்க்கவே இல்லை.

இயக்கத்தின் வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். நீதிபதி ஜே.எஸ். வர்மா எழுதிய தீர்ப்பில், இரகசியமான தகவலைப் பொதுநலன் கருதி எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் இருக்கலாம், ஆனால் தீர்ப்பாயமாவது அதனைத் தன் கண்ணால் பார்த்து நம்பத்தகுந்ததா என்று சோதித்திருக்க வேண்டும் என்று கூறப்பட்டது. 1994 டிசம்பர் 7ஆம் நாள் தடை நீக்கப்பட்டது. தடையின் இரண்டாண்டுக் காலம் தானாகவே முடிவடைய அப்போது ஓரிரு நாள்களே எஞ்சியிருந்தன.