மழை மாதங்களில் வீட்டுக்குள் செடி: எது தாங்கும், எது அழுகும்?

தீபாவளிக்கு வீட்டைக் கழுவி, சாயம் பூசி, வரவேற்பறைக்கு இரண்டு பூச்சாடிகளும் வாங்கி வைப்பது இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. பொங்கல் வருவதற்குள் அவற்றில் ஒன்றாவது மஞ்சளித்து, தண்டு குழைந்து, குப்பைக்குப் போய்விடுகிறது. 'நமக்குச் செடி வைக்கும் கைராசி இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆண்டு வேறொன்று வாங்குகிறார்கள். கைராசியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயில் காலத்தில் ஊற்றிய அதே அளவு தண்ணீரை மழைக் காலத்திலும் ஊற்றுவதே பெரும்பாலும் காரணம்.

மலேசியாவின் கிழக்குக்கரை மாநிலங்களிலும் சிங்கப்பூரிலும் நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். மேற்குக்கரையில் அக்டோபரிலேயே பிற்பகல் மழை தொடங்கிவிடும். இந்த மாதங்களில் செடியைக் காப்பாற்ற இணையத்தில் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்நாட்டுக் குறிப்புகளே. இலைமேல் தண்ணீர் தெளிக்கவும், பூச்சாடிக்கு அடியில் கூழாங்கல்லும் தண்ணீரும் நிறைந்த தட்டு வைக்கவும் அவை சொல்லும். அங்கே வெப்பமூட்டிகளால் வீட்டுக் காற்று வறண்டுபோகும். அதற்கான வைத்தியம் அது. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் இலையில் பூஞ்சைப் புள்ளியும் தட்டில் கொசுப்புழுவும்தான் மிஞ்சும்.

வெளிச்சக் கதையும் வேறு. லண்டனில் டிசம்பர் பகல் ஏறத்தாழ 8 மணி நேரமே. நமக்கு எப்போதும் 12 மணி நேரத்தை ஒட்டிய பகல் உண்டு. மேகம்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்டு இறுதியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்குப் பார்த்த சன்னலுக்கு நேர் வெயில் கிடைக்கும். வடக்குப் பார்த்த சன்னலுக்குக் கிடைக்காது. ஜூனில் வடக்குச் சன்னலில் செழித்த செடி டிசம்பரில் வாடினால், அதைத் தெற்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ மாற்றிப் பார்க்கலாம். நண்பகலில் செடிக்கு ஒரு முழம் மேலே கையை நீட்டினால் நிழல் தெளிவாக விழுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. நிழலே விழாத மூலையில் எந்தச் செடியும் வளராது. சில செடிகள் அங்கே கொஞ்ச காலம் உயிரோடிருக்கும், அவ்வளவுதான்.

மங்கலான வெளிச்சத்தையும் மறதியையும் சேர்த்துத் தாங்குபவை இரண்டு. ஒன்று பாம்புச் செடி; மலாய்க்காரர்கள் 'லிடா ஜின்' என்பார்கள். மற்றொன்று இசட் இசட் செடி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இவ்விரண்டும் தண்ணீரைச் சேமித்து வைப்பவை. இசட் இசட் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகள் இருக்கும். மழை மாதங்களில் இவற்றுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினாலே போதும்.

வீட்டுக்கு நிறம் வேண்டும் என்பவர்களுக்கு அக்லோனிமா பொருத்தமானது. தென்கிழக்காசியக் காடுகளில் மர நிழலில் வளரும் இனம் என்பதால் நம் வீட்டு நிழல் அதற்குப் புதிதல்ல. பச்சை வகைகள் அதிக நிழலைத் தாங்கும். சிவப்பு, இளஞ்சிவப்புக் கலப்பினங்களுக்குச் சன்னலோர வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் நிறம் மங்கும். குரோட்டனை நிறத்துக்காக வீட்டுக்குள் கொண்டுவருவது வீண். அது வெயிலில்தான் நிறம் காட்டும்; உள்ளே வந்தால் இலை கொட்டும். ஆந்தூரியம் நல்ல வெளிச்சத்தில் பூக்கும், ஒரு பூ பல வாரங்கள் நிற்கும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் கெலாடிக்கும் மொன்ஸ்தெராவுக்கும் விலை ஏறிய ஏற்றம் பலருக்கு நினைவிருக்கும். அழகுக்கும் விலைக்கும் அவ்வளவாகத் தொடர்பில்லை என்பதற்குப் பறவைக்கூட்டுப் பெரணியே சாட்சி. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் செம்பனை மரத்தண்டில் இப்பெரணி ஒட்டி வளர்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார்கள். அதையே நகரத்துக் கடைகளில் பீங்கான் சாடியில் வைத்து விற்கிறார்கள். ஈரக் காற்று அதற்குப் பிடிக்கும். குளியலறைச் சன்னலில்கூட நன்றாக வரும். நடுக்குருத்தில் ஊற்றாமல் ஓரமாக மண்ணில் ஊற்ற வேண்டும்.

துளசி, கருவேப்பிலை, மல்லிகை மூன்றும் வெயில் செடிகள். மழைக்குப் பயந்து அவற்றை வரவேற்பறைக்குள் கொண்டுவந்தால் சில வாரங்களில் மெலிந்துவிடும். ஐந்தடியிலோ மாடத்திலோ கூரைக்கு அடியில், மழைச் சாரல் குறைவாகவும் வெளிச்சம் நிறைவாகவும் உள்ள இடமே அவற்றுக்கு நல்லது.

இனி தண்ணீர். நாள் கணக்கு வைத்து ஊற்றாமல், விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். மண்ணைச் சுற்றிச் சிறு கறுப்பு ஈக்கள் பறந்தாலோ, மேல்மண்ணில் வெண்பூஞ்சை படர்ந்தாலோ ஈரம் அதிகம் என்று பொருள். பீஸ் லில்லிதான் அதிகம் ஏமாற்றும். தாகம் எடுத்தாலும் தொங்கும், வேர் அழுகினாலும் தொங்கும். ஈர மண்ணில் தொங்கி நிற்கும் செடிக்கு மேலும் தண்ணீர் ஊற்றுவது அதை முடித்துவிடும். சாடியிலிருந்து எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி, புது மண்ணில் நட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே சாடியில் நிரப்பினால் இறுகிவிடும். பாதிக்குத் தென்னை நார்த்தூளும் கொஞ்சம் கரித்துண்டும் கலந்தால் நீர் வடியும்.

செடி அழுகினால் போவது சில வெள்ளிதான். பூச்சாடித் தட்டில் நிற்கும் தண்ணீர் அப்படியல்ல. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில் முட்டையிடும். 20 காசு நாணயம் அளவு நீரே அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏழு நாள் பிடிக்கும். தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டால் வேலை முடியவில்லை. முட்டைகள் தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். தட்டை ஒன்றுவிட்டு ஒரு நாள் தேய்த்துக் கழுவ வேண்டும். முடியாதவர்கள் மழைக் காலம் முடியும்வரை தட்டுகளை எடுத்துவிடுவது மேல்.

பாட்டில் தண்ணீரில் வைக்கும் மணி பிளாண்ட், அதிர்ஷ்ட மூங்கில் ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். அதிர்ஷ்ட மூங்கில் உண்மையில் மூங்கிலே அல்ல, ஆப்பிரிக்க டிராசீனா. நீரை மாற்றும்போது வேரையும் பாட்டிலின் உட்புறத்தையும் கழுவ வேண்டும். இறுகிப்போன மேல்மண்ணில் குழி விழுந்தால் அதிலும் நீர் தேங்கும், கிளறிவிட வேண்டும். புரோமீலியாட் செடியின் இலைக் கக்கத்தில் தேங்குவதைப் பலர் கவனிப்பதில்லை.

சட்டமும் இருக்கிறது. மலேசியாவில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின்கீழ், வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 500 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். சிங்கப்பூரில் வீட்டுக்காரர்களுக்கு முதல் முறை 200 வெள்ளி.

சிங்கப்பூர் வீவக வீடுகளில் செடிகளை வெளி நடைபாதைக்கு நகர்த்துபவர்கள், தீ விபத்தின்போது ஆட்கள் வெளியேறக் குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் சாடி வைப்பது எங்குமே கூடாது. மழைக்காற்றில் விழும் ஒரு சாடி கீழே நடப்பவர் உயிரைப் பறித்துவிடும்.

செடிகள் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற விளம்பரத்தை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு மூடிய சிறு அறைகளில் நடந்தது. 2019இல் வெளியான மறு ஆய்வு ஒன்றின்படி, சன்னல் வழி வரும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வைக்க வேண்டும்.

தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை. மணி பிளாண்ட், அக்லோனிமா, பீஸ் லில்லி, டிஃபன்பாக்கியா ஆகியவற்றின் சாற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். இவற்றைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கலாம், அல்லது நஞ்சில்லாத ஸ்பைடர் செடியை வாங்கலாம். குழந்தை கடித்துவிட்டால் வாயைத் தண்ணீரால் துடைத்துவிட்டு, வீக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கடித்த இலையையும் கையோடு எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.