வெள்ளைப்புள்ளி வந்த காலம்

நயினார்கோவிலைச் சுற்றிக் கண்மாய்ப் பாசனம்தான். கிழக்கே கடலோரம் போனால் உப்பங்கழியும் இறால் பண்ணையும். 1990களின் தொடக்கத்தில் தமிழகக் கடலோரமெங்கும் புலி இறாலுக்காகக் குளங்கள் வெட்டப்பட்டன. ஏற்றுமதியில் நல்ல பணம் புழங்கியது.

1994 வாக்கில் இந்தியப் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் புகுந்தது. கிழக்காசியாவை ஏற்கெனவே உலுக்கிய நோய் அது. இரை எடுக்காத இறால்கள் கரையோரம் ஒதுங்கின; தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் உட்புறத்தில் வெண்புள்ளிகள். பத்து நாளுக்குள் குளமே காலி. அந்த அடியின் நடுவே, 1996 டிசம்பரில், கடலோரப் பண்ணைகளைக் கட்டுப்படுத்தும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது.

இந்த நோயை உண்டாக்கும் வைரஸுக்கு வெளியுறை உண்டு. அதில் நிறைந்திருக்கும் முக்கியப் புரதம் விபி28. இறாலின் செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுவது இதுதான். இந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சேர்த்தால் வைரஸின் வீரியம் அடங்குகிறது என்று 2001இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் காட்டினர்.

நுழைவதோடு விபி28இன் வேலை முடிவதில்லை. செல்லின் உட்கருவில் புதிய வைரஸ்கள் உருவாகும்போது விபி28, விபி26, விபி24 போன்ற புரதங்கள் ஒன்றையொன்று பிணைத்து, மரபுப்பொருள் அடங்கிய உட்கூட்டின் மேல் உறையாக அமைகின்றன.

இறாலுக்கு நம்மைப் போல எதிர்ப்பொருள் சுரக்காது. வழக்கமான தடுப்பூசி எடுபடாது. அதனால் பண்ணையாளர்கள் நோயைக் கொண்டுவரும் நண்டு புகாமல் வலைவேலி கட்டினர், தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டனர், குஞ்சுகளைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினர். 2009இல் வனாமி என்ற இறால் இனத்தின் நோயற்ற தாய் இறால்களை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது. சென்னை நீலாங்கரையில் அவற்றைத் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே பொரிப்பகங்களுக்கு அனுப்புகிறார்கள்.